கறுப்பு வெள்ளையில் மனித உடல்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கலை ஒளிப்படக்காரராவது எப்படி

யாழ்ப்பாணத்தில் கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலரின் முன்னட்டைதான். நான் முதன்முதலாகச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக் கண்ட என் பெரியம்மா, அதில் முகமே இல்லாதிருந்தும், "ஆற்றை செத்தவீடு?" என்று கேட்டார். நிறமில்லாத படம் இறப்பையும், மறைக்கப்படாத உடல் வெட்கத்தையும் நினைவூட்டும் ஊரில், இவ்விரண்டையும் சேர்த்துத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவருக்கு எதிரே இருப்பது சிறிய மலையல்ல. இந்த வழிகாட்டி, கமெராவைக் கையாள ஏற்கெனவே தெரிந்த, ஒருவேளை கலியாணவீடுகளில் படமெடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருக்கிற, ஆனால் மனித உடலைத் தன் கலையின் பொருளாக எடுத்துக்கொள்ள எண்ணும் ஒருவருக்காக எழுதப்படுகிறது.

உடலுருவ ஒளிப்படம் என்பது முகத்தை அடையாளம் காட்டும் உருவப்படமும் அல்ல. உடையை விற்கும் விளம்பரப் படமும் அல்ல. ஓர் உடலின் வடிவம், எடை, இறுக்கம், தளர்வு ஆகியவற்றை ஒளியால் மட்டும் சொல்லுவது அது. ஆடையின்மை அதற்கு நிபந்தனை இல்லை. நல்லூர்க் கோயிலுக்குள் நுழையும் ஒவ்வோர் ஆணும் மேற்சட்டையைக் கழற்றுகிறார். ஆயிரம் வெற்றுத் தோள்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்த வீதியில் எவரும் அதை நிர்வாணமாகக் காண்பதில்லை. கரைவலை இழுப்பவரின் முதுகு, மிதிக்கும் நொடியில் கூத்துக் கலைஞரின் கெண்டைக்கால், பல மணிநேரப் பயிற்சிக்குப் பின் சுவரில் சாய்ந்திருக்கும் பரத மாணவியின் கழுத்து என்று, ஊரே ஏற்கெனவே கண்டுகொண்டிருக்கும் உடல்கள் ஏராளம். முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது இவற்றோடு நின்றுகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. இதைக் கூச்சத்தினால் சொல்லவில்லை. முழு ஆடையின்மை பார்வையாளரின் கவனம் முழுவதையும் விழுங்கிவிடும். ஒளியைக் கையாளத் தெரியாத தொடக்ககாலத்தில் அந்த அதிர்ச்சி உங்கள் பிழைகளை உங்களிடமிருந்தே மறைத்துவிடும்.

இத்துறைக்கு இந்தத் தீவில் ஒரு முன்னோடி உண்டு. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 43 குழு என்ற ஓவியர் அமைப்பு உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். மீனவர்களையும் உழைக்கும் இளைஞர்களையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில், எண்ணெய் பூசியதுபோல ஒளிரும் பழுப்புத் தோல் அதன் இயல்பான கருமையோடேயே இருக்கிறது. அவருக்கு முன்னரே கொழும்பு ஸ்ரூடியோக்கள் உள்ளூர்ப் பெண்களின் மார்பை "இனவகை" என்ற பெயரில் அஞ்சலட்டையாக்கி வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்றன. எடுக்கப்பட்ட உடல் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதில்தான் இவ்விரண்டுக்குமான வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கரான எட்வேர்ட் வெஸ்ரன் 1936இல் கலிபோர்னியாவின் ஒசியானோ மணற்குன்றுகளில் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். உடலையும் மணலையும் ஒரே கண்ணால் பார்க்க அவை பழக்கும்.

தோலை அதன் நிறத்திலேயே அச்சிடுதல்

இனி, இந்த வழிகாட்டியின் நடுப்பொருளுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து ஒளிப்படக்காரர் ஒருவர் முதலில் மறக்க வேண்டியது ஸ்ரூடியோவில் கற்ற வெள்ளையாக்கும் பழக்கத்தை. மணப்பெண்ணின் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கிக் கொடுத்தால்தான் அல்பம் "நல்லா வந்திருக்கு" என்பார்கள். அந்தக் கை, கலைப் படத்துக்கு வரும்போதும் தானாகவே அதே வேலையைச் செய்யப் பார்க்கும். கமெராவும் அதற்கு உடந்தை. அதன் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே எண்ணி அளவிடுகிறது. சட்டம் முழுவதும் கருந்தோல் நிறைந்திருந்தால், அதைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியை மிகையாக உள்ளே விடும். பின்னணி வெள்ளைச் சுவராக இருந்தால், சுவரைச் சாம்பலாக்கித் தோலை நிழலுக்குள் புதைத்துவிடும். பருத்தித்துறைப் பக்கம் கரைவலை இழுத்த ஒருவரை நான் தானியங்கி அளவில் எடுத்த முதல் சுருள் முழுவதும், அவர் உடம்பெங்கும் திருநீறு அள்ளிப் பூசியதுபோல வந்திருந்தது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மனிதருக்கு மனிதர் தோலின் நிறம் பெரிதும் மாறினாலும், உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை. உடலில் விழும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் அளந்து, காட்டிய அளவைவிட ஒரு நிறுத்தம் (stop), அதாவது இருமடங்கு ஒளி வரும்படி, கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிச்சமானது என்பதே இதன் காரணம். இந்த அளவில் எடுத்தால், எதிரே நிற்பவர் கறுப்பாக இருந்தால் கறுப்பாகவும் மாநிறமாக இருந்தால் மாநிறமாகவும் தாமே வந்து அமைவார்கள். கறுப்பிலிருந்து வெள்ளைவரையான ஒளிர்வை, நடுச் சாம்பல் ஐந்தாவதாக வரும்படி, படிகளாகப் பிரிக்க அமெரிக்க ஒளிப்படக்காரர்களான அன்செல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த வலய முறையில் சொல்வதானால், கருந்தோலின் பெரும்பரப்பு நான்காம் வலயத்தை ஒட்டியும், அதில் மினுங்கும் இடங்கள் ஆறாம் ஏழாம் வலயங்களிலும் விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரந்தான் உடலின் பருமனைக் காட்டுகிறது. டிஜிற்றலில் எடுப்பவர்கள், மினுக்கம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடாத எல்லைவரை சற்று வெளிச்சமாகவே றோ (RAW) கோப்பாக எடுத்துப் பின்னர் கணினியில் இறக்கிக்கொள்வது நல்லது. இருட்டாக எடுத்ததைப் பின்னர் தூக்கினால் நிழல்களில் மணல்மணலாகப் புள்ளிகள் எழும்.

வெள்ளைத் தோலுக்கென எழுதப்பட்ட ஒளியமைப்புப் பாடங்கள் இங்கே பாதிதான் பயன்படும். வெளிர்நிறத் தோல் தன்மீது விழும் ஒளியைச் சிதறடித்து, மென்மையான நிழல்வழியாகத் தன் வளைவைக் காட்டுகிறது. கருந்தோல் அந்த ஒளியின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது; அதன் வளைவை நமக்குச் சொல்வது மேற்பரப்பில் கண்ணாடிபோலத் தெறிக்கும் மினுக்கந்தான். ஆகவே விளக்கின் வலிமையைக் கூட்டுவதைவிட அதன் பரப்பைக் கூட்டுங்கள். பெரிய சாளரம் ஒன்றையோ வெள்ளைத் துணி கட்டிய கதவு நிலையையோ, ஆளுக்கு முன்னால் அல்லாமல், பின்பக்கவாட்டில் இருக்கும்படி நிற்கவைத்தால், சாளரத்தின் பிரதிபலிப்பு தோள்பட்டையிலும் முதுகெலும்பின் ஓரத்திலும் நீண்ட வெள்ளிக் கோடாக விழும். கமெராவை அரை அடி நகர்த்தினால் அந்தக் கோடும் நகரும். கமெராவை நகர்த்தி நகர்த்தி அதைத் தேடுவதே வேலை. உள்ளங்கையில் நாலைந்து துளி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எடுத்து, அவர்களையே தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதிகமானால் பளபளவென்று கடைப் பொம்மை போலாகிவிடும்.

லென்ஸின் முன் மாட்டும் நிற வடிகட்டியும் தோலின் நிறத்தை மாற்றும். பழுப்புத் தோல் சிவப்பு ஒளியையே அதிகம் திருப்பி அனுப்புவதால், சிவப்பு அல்லது செம்மஞ்சள் வடிகட்டி அதை வெளுப்பாக்கித் தழும்புகளை மறைக்கும்; பச்சை வடிகட்டி அதைக் கருமையாக்கி நரம்பு, மச்சம், வியர்வை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும். கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, பச்சை நிற அளவுகளைக் கூட்டிக் குறைப்பதும் இதே வேலைதான். இளம் நடனக் கலைஞருக்கு எது, எழுபது வயதுத் தோட்டக்காரரின் கைக்கு எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் சிவப்பை முழுதாகக் கூட்டும் ஒவ்வொரு முறையும், மீண்டும் அந்தக் கலியாண அல்பத்துக்குத்தான் போகிறோமோ என்று ஒரு முறை நின்று பாருங்கள்.

இடமும் ஒளியும்

ஸ்ரூடியோ கட்டக் கடன் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளில் நடுமுற்றத்தை ஒட்டிய விறாந்தை, எந்த மின்விளக்கும் தரமுடியாத ஒளியைத் தருகிறது. மேலே திறந்த வானம், பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர், கீழே சிவப்புச் சீமெந்து நிலம். முற்றத்து விளிம்பில் நிற்பவருக்கு ஒளி மேலிருந்து வரும். இரண்டடி உள்ளே வந்தால் பக்கத்திலிருந்து வரும். அறைக்குள் போனால் ஒரு பக்கம் முழு இருட்டாகிவிடும். வடக்கு நோக்கிய சாளரமானால் மாரி காலத்தில் நேர்வெயில் விழாது. ஆனால் இந்த அகலாங்கில் ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், ஆனி ஆடியில் அதற்கும் ஒரு வெள்ளைத் துணித் திரை வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கும். கண்குழிகள் கறுத்து, தோள்கள் வெந்துபோகும் அந்த நாட்களில் வெளியே எடுப்பதானால் காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

வடமராட்சியில் மணற்காடு என்ற ஊரின் மணற்குன்றுகளைக் கண்டதும் வெஸ்ரன் நினைவுக்கு வருவார், எனக்கும் வந்தார். ஆனால் அது மக்கள் வாழும், வழிபடும், புதைக்கும் இடம். திறந்த வெளியில் ஆடை குறைத்த படப்பிடிப்பை அங்கேயோ கசூரினாக் கடற்கரையிலோ முயலாதீர்கள். ஈரவேட்டி காற்றில் உடலோடு ஒட்டி வரும் ஒரு படம், சோளகம் வீசும் மாலையில், போதுமான வடிவத்தைத் தரும். லென்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: முழுச்சட்டக் கமெராவில் 50 அல்லது 85 மில்லிமீற்றர் போதும். கடற்காற்றும் ஈரப்பதனும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கவைக்கும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதனை 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள்.

பிலிமில் எடுக்க விரும்புகிறவர்களுக்கு நம் ஊர் இரண்டு சோதனைகளை வைத்திருக்கிறது. முதலாவது வெப்பம். இல்போர்ட் எச்பி5 பிலிமை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த டி-76 உருத்துலக்கிக் கரைசலில் 20 பாகை செல்சியசில் 11 நிமிடம் கழுவ வேண்டும். நம் தொட்டித் தண்ணீரோ 30 பாகையை எட்டும். அந்த வெப்பத்தில் நேரம் நாலு நிமிடமளவாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் பிலிம் சீராகக் கழுவப்படாது, வானமும் தோலும் திட்டுத்திட்டாக வரும். பிளாஸ்ரிக் பேசினில் தண்ணீர் விட்டு, கட்டி வைத்த ஐஸ் பையை அதில் மிதக்கவிட்டு, கரைசல் போத்தல்களை 24 பாகைக்காவது இறக்கினால், ஏழரை நிமிடம் கிடைக்கும். இரண்டாவது, கிணற்று நீர். சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வரும் நம் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டுவதுபோலவே நெகற்றிவிலும் கட்டும். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள். நான் அதை வாங்கச் சோம்பற்பட்ட ஒரு நாளில் கழுவிய சுருளில், ஒரு நடனக் கலைஞரின் முதுகெங்கும் சின்னமுத்துப் போட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள் காய்ந்திருந்தன.

படத்தில் இருப்பவர்

யாழ்ப்பாணம் சின்ன ஊர். முகத்தை வெட்டிவிட்டால் ஆளைத் தெரியாது என்று நம்பி, நான் ஒரு முறை வெறும் தோள்பட்டை மட்டுமுள்ள படம் ஒன்றை நண்பர்களுக்குக் காட்டினேன். அதிலிருந்த ஒரு பழைய தையல் தழும்பைக் கொண்டு, மூன்று நாளில் அது யாரென்று அவருடைய மச்சாள் வரைக்கும் செய்தி போய்விட்டது. அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதன்பின் பேசவே இல்லை. அன்றிலிருந்து, தழும்பு, மச்சம், பச்சை குத்திய அடையாளம், காப்பு, பின்னணியில் தெரியும் சுவர்க் கலண்டர் எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன்பே அவரோடு சேர்ந்து பார்த்துவிடுகிறேன்.

ஒப்பந்தத்தைத் தமிழில், இரண்டு பிரதிகளாக எழுதுங்கள். "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்குவது ஒப்பந்தமல்ல. கண்காட்சி, அச்சு விற்பனை, சஞ்சிகை, இணையம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். முகம் தெரியலாமா என்பதை வேறாகக் கேளுங்கள். அச்சு விற்கப்படும்வரை எந்தப் படத்தையும் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று எழுதுங்கள். மணித்தியாலக் கணக்கில் பணம் கொடுங்கள். "அல்பம் தாறன்" என்பது கூலியாகாது. அவர் விரும்பும் ஒருவரை உடன் அழைத்துவரச் சொல்லுங்கள். பெண் என்றால் இதைக் கட்டாயமாக்குங்கள். உடை மாற்றப் பூட்டுள்ள அறை ஒன்று வேண்டும். நிலையைத் திருத்தக் கையால் தொடாதீர்கள். நீங்களே நின்று காட்டுங்கள். படங்களைப் பூட்டிட்ட வன்தட்டில் வையுங்கள். பழுதான கணினியையோ கைத்தொலைபேசியையோ படங்களோடு திருத்தும் கடையில் ஒப்படைக்காதீர்கள்.

18 வயதுக்குக் குறைந்தவரை, பெற்றோர் சம்மதித்தாலும், இவ்வகைப் படத்துக்கு எடுக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த திகதியை ஒப்பந்தத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. "இது கலை" என்று சொன்னவுடன் அது விலகிப்போய்விடாது. ஆகவே ஆடையற்ற படங்களைக் காட்சிக்கு வைக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிப் பேசிவிடுவது செலவல்ல. உங்களைக் காக்கும் சட்டமும் உண்டு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை நீடிக்கிறது.

பணம்

கலியாணவீட்டையும் சாமத்தியவீட்டையும் விட்டுவிடாதீர்கள். கலை அச்சு விற்றுச் சீவிக்கும் நிலை வர நெடுங்காலமாகும். அதுவரை கூறைச்சேலை மடிப்பையும் ஆலாத்தித் தட்டையும் எடுக்கும் கைதான் தாளுக்கும் மைக்கும் பணம் தரும். அதை இழிவாக எண்ணுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அச்சை எண்ணிக்கையிட்ட பதிப்பாக விற்பதே வழக்கம். ஒரு படத்தை பத்து அச்சு என்று அறிவித்தால், பத்தோடு நிறுத்துங்கள். கலைஞர் பிரதி இரண்டை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பின்புறத்தில் பென்சிலால் 3/10 என்பதுபோல இலக்கமும் தலைப்பும் ஆண்டும் எழுதிக் கையொப்பமிடுங்கள். விலையைக் கூச்சத்தோடு குறிக்காதீர்கள். தாள், அச்சு, அமிலமற்ற அட்டை, சட்டம் எல்லாம் சேர்ந்து 20,000 ரூபா பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாவுக்கு விற்றால், காட்சிக்கூடம் பாதியை எடுத்துக்கொண்டபின் உங்கள் கையில் வருவது அடக்கச் செலவு மட்டுமே. மொடலுக்குக் கொடுத்ததும், கொழும்புக்குப் போய்வந்ததும் உங்கள் பையிலிருந்து போனவை. அதே அச்சை உங்கள் வீட்டில் வந்து வாங்குகிறவருக்குப் பாதி விலையில் கொடுக்கவும் கூடாது. காட்சிக்கூடத்துக்கு அது தெரிந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

தாளைத் தெரிவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பருத்தி இழையாலான மங்கல் தாள் அழகானது. ஆனால் அதில் கறுப்பு முழுக் கறுப்பாக இறங்காது. கருந்தோலின் நிழல்களில் உள்ள மூன்று நான்கு படிகள் ஒன்றாகக் கலந்துவிடாதிருக்க, பரைற்றா என்ற பேரியம் சல்பேற்றுப் பூச்சுள்ள தாளே பெரும்பாலும் பொருத்தம். முழு அச்சுக்கு முன், தோள்பட்டை மட்டும் விழும்படி ஒரு சாண் அகலத் துண்டை அச்சிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவு மின்குமிழின் கீழும் வைத்துப் பாருங்கள்.

காட்டுவதற்குத் தயாராகும்போது இருபது படங்கள் போதும், அவை ஒரே தேடலைச் சேர்ந்தவையாக இருந்தால். ஒரு கடற்கரைக் கிராமத்தின் கைகள், ஒரு கூத்துக் குழுவின் ஒரு பருவம் என்று எல்லை கட்டிக்கொள்ளுங்கள். முதலில் யாழ் பல்கலைக்கழக நுண்கலை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் காட்டுங்கள். ஓவியத்தில் உடலைப் படித்தவர்கள், கமெராக்காரர் கவனிக்காத எடைப் பிழைகளைக் கண்டுபிடிப்பார்கள். பின்னர் கொழும்பில் சஸ்கியா பெர்னாண்டோ, பெயார்ஃபூட் போன்ற காட்சிக்கூடங்களுக்கும், வென்ட் பெயரிலேயே 1953இல் திறக்கப்பட்ட கலையரங்கின் காட்சிக்கூடத்துக்கும் எழுதலாம். கொழும்புஸ்கோப் கலைவிழா, சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா ஆகியவற்றின் அழைப்புகளையும் கவனித்து வாருங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள நம் உறவுகள் ஊர்ப்படம் கேட்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் பனையும் கோபுரமும்தான். உடலை வாங்க வைப்பதற்கு முன், அந்த முதுகு எந்தக் கரையில் எந்த வலையை இழுத்தது என்று ஒரு பத்தி தமிழில் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.

அனுப்பும் அச்சைச் சுருட்டி, அமிலமற்ற மென்தாளுக்குள் வைத்து, நாலு அங்குல விட்டமாவது உள்ள குழாயில் இடுங்கள்; ஒடுங்கிய குழாய் பரைற்றாத் தாளை வெடிக்கவைக்கும். சுவரில் மாட்டுவதானால், அச்சு கண்ணாடியோடு ஒட்டாதபடி அட்டையால் இடைவெளி விட்டு, சட்டத்தின் பின்புறத்தைக் கறையானும் வெள்ளிப்பூச்சியும் நுழையாதபடி ஒட்டி மூடுங்கள். எந்த இலக்க அச்சு யாரிடம், எந்தத் திகதியில், என்ன விலைக்குப் போனது என்பதைக் கொப்பி ஒன்றில் எழுதுங்கள். என் கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் முதல் வரியில் விலை இருக்காது. அந்த அச்சு படத்தில் இருப்பவருக்குப் போனது.